இல்லை என்று சொன்ன ஞாபகம்

எங்கள் நாடகக் குழுவுக்கு ‘மழை’ என்று பெயர் வைத்தபோது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. புனேயின் விஷ்ராந்த்வாடியில் எங்கள் இயக்குநர் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொது ஹாலில் கூடியிருந்தோம். வெளியே சைக்கிள் ஷெட்டின் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டதும் எல்லோரும் கைதட்டிவிட்டோம்.

சிக்கல் அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் வந்தது. டிக்கெட் விற்க ஓர் இணையதளம் தேவைப்பட்டது. மகர்பட்டாவில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ழகரத்துக்கு இசட், எச் போட்டுக் காட்டினால் அக்கம்பக்கத்து மராட்டிக்காரர்கள் ‘மஸாய்’ என்று படித்தார்கள். எல் போட்டால் ‘மலாய்’ ஆகிவிட்டது. நாடகத்தோடு குல்ஃபியும் உண்டா என்று லிஃப்டில் ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

இயக்குநர் அக்கா வங்கி மேலாளர். திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருடங்களாகப் புனேயில் இருப்பவர். தலையில் கை வைத்துக்கொண்டார். “அரே, நம்ம பேரு பாலாடையாப் போச்சேட்டி!”

“அப்ப எதுக்குங்க்கா இங்கிலீஷ்? தமிழ் எழுத்துலயே முகவரி வாங்கலாம். கடைசில புள்ளி வெச்சு இந்தியான்னு வரும் பாருங்க, அதுகூடத் தமிழ்லயே வரும்” என்றேன்.

“புள்ளி இந்தியா” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார் எங்கள் குழுவின் வில்லன் நடிகர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இன்னொரு முறை சொல்லிவிட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

முகப்பில் ஒரு மழைப் படம் வைத்துத் தளத்தைத் தயாராக்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பணம் கட்டிப் பெயரைப் பதிந்தேன். பதிவு நடந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள் என்று மெயில் வந்தது. பொறுத்திருங்கள் என்று ஆபீஸில் நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்பவளே நான்தான். ஆனால் மறுநாள் ஒத்திகையில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எங்கள் கதாநாயகி ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவர் கணவனை இழந்து கதறிக்கொண்டிருக்க, நான் திரைக்குப் பின்னால் போனும் கையுமாக, ஹாலின் வைஃபையில் அந்த முகவரியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு முகவரி இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினேன். இல்லை. ஆசிரியை மூக்கைச் சிந்தினார். நான் மறுபடி தட்டினேன்.

அப்போது கோந்த்வாவில் வீட்டிலிருந்த என் கணவரிடமிருந்து போன் வந்தது.

“அம்மிணி, வந்துருச்சு! மழைப் படம் அம்சமா நிக்குது!”

நான் போட்ட கூச்சலில், மேடையில் செத்துக் கிடந்தவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் போனைத் தேடி ஓடினார்கள். இயக்குநரின் போனில் தளம் பளிச்சென்று வந்தது. ஆசிரியையின் போனில் வரவில்லை. வில்லனுக்கு வந்தது. இதற்காகவே காலையிலிருந்து தவம் கிடந்த எனக்கு வரவில்லை.

“மேடம், வந்திருக்கு. ஆனா வைரஸோடு வந்திருக்கு” என்று வில்லன் போனை நீட்டினார். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ், என், இரண்டு சிறு கோடுகள், அப்புறம் வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கூட்டம்.

“வைரஸ் இல்லைங்க சார். இணையத்துல பேரைத் தேடற முறை பழசுங்க. இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும்தான் அதுக்குத் தெரியும். நம்ம தமிழ்ப் பேரை உள்ளுக்குள்ள இப்படி மாத்திக்கும்.”

“மாறுவேஷம்” என்றார் இயக்குநர் திருப்தியாக. “அது இருக்கட்டும். எனக்கு வந்திருக்கு, உனக்கு ஏன் வரலைட்டி? நீதானே வாங்கின?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தளம் கிடைத்தவர்கள் எல்லோரும் தங்கள் சிம்மின் டேட்டாவில் பார்த்தவர்கள். கிடைக்காதவர்கள் ஹாலின் வைஃபையில் இருந்தவர்கள். காரணத்தை வாயால் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் புரியவில்லை. நாடகக்காரர்களிடம் வாயால் சொல்வானேன் என்று, நடித்துக் காட்டத் தீர்மானித்தேன்.

நான் போன். ஆசிரியை, போன் கேட்கும் முகவரியை நாலு இடத்தில் விசாரித்து வந்து சொல்பவர். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் தலைமை அலுவலகமாக வில்லனை நாற்காலிமேல் ஏற்றினேன். இந்தியா என்று முடியும் பெயர்களைக் காக்கும் அலுவலகம் இயக்குநர்.

“டீச்சர், மழைக் குழுவோட தளம் எங்க இருக்குங்க?” என்றேன்.

ஆசிரியை விறுவிறுவென்று நாற்காலியடிக்குப் போனார். வில்லன் கீழே குனிந்தும் பார்க்கவில்லை. “குழு, கிழு எல்லாம் எனக்குத் தெரியாது. கடைசி வார்த்தை என்ன? இந்தியாவா? அந்த மேடத்துக்கிட்ட போங்க.”

இயக்குநர் இல்லாத கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார். “மழையா? அப்படி ஒரு பேரே எங்கிட்ட இல்லியே. லஞ்சுக்கு அப்புறம் வாங்க.” வங்கியில் அவர் இப்படித்தான் பேசுவாரோ என்று எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆசிரியை திரும்பி வந்து என்னிடம் “இல்லை” என்றார்.

“இப்ப நம்ம பேரு பதிவாயிருச்சுன்னு வெச்சுக்குங்க” என்று இயக்குநரின் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்துவிட்டு ஆசிரியையிடம் ஓடினேன். “டீச்சர், இப்ப சொல்லுங்க, எங்க இருக்கு?”

“இல்லை.”

“போய்க் கேளுங்க டீச்சர்!”

“நான் ஏன் போகணும்? இப்பத்தானே கேட்டே? இல்லைன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.”

நான் சொல்லிக்கொடுக்காமலேயே அவருக்கு வந்துவிட்டது. அதுதான் நடந்திருந்தது. ஒருமுறை இல்லை என்ற பதில் கிடைத்தால், விசாரிப்பவர் கொஞ்ச நேரத்துக்கு அதையே நினைவில் வைத்துக்கொண்டு சொல்வார், போய்ப் பார்க்க மாட்டார். அவசரப்பட்டு நான் தட்டியதால்தான் ஹாலின் வைஃபைக்கு அந்த ‘இல்லை’ ஒட்டிக்கொண்டது. சிம் டேட்டாவுக்கு விசாரிப்பவர் வேறு; முன்கூட்டிக் கேட்காத அவர்களுக்கெல்லாம் உடனே கிடைத்துவிட்டது.

இதை விளக்க எங்கே விட்டார்கள்? “இங்க வந்துருச்சும்மா, ஒரு தடவை வந்து பாரேன்!” என்று இயக்குநர் சீட்டை ஆட்டிக் கூப்பிட்டார். வில்லன் நாற்காலியிலிருந்து, “தலைமை அலுவலகம் உத்தரவிடுகிறது!” என்று முழங்கினார். ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு, “இல்லை, இல்லை, இல்லை” என்றார். நான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வில்லன் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலி ஆட, இரண்டு பேர் ஓடிப்போய் அதைப் பிடித்தார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி ஆடினோம் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தபோது தளம் வந்திருந்தது.

“இதை நாடகத்துக்கு முன்னால போடுதோம்” என்றார் இயக்குநர். தன் சோகமான முதல் காட்சியில் பாதியை அங்கேயே வெட்டினார்.

அரங்கேற்ற நாளில் தமிழ்க் குடும்பங்களோடு அவர்களுடைய மராட்டி நண்பர்களும் வந்திருந்தார்கள். விசாரிப்பவர் வேடத்தில் ஆசிரியை முதல் முறை “இல்லை” என்றபோது தமிழர்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை, முன்வரிசையில் புரியாமல் விழித்த ஒரு மராட்டி அம்மாளைப் பார்த்தவர், ஒத்திகையில் இல்லாத ஒரு காரியம் செய்தார். இடுப்பில் கை வைத்து, அந்த அம்மாளிடமே, அதையே மராட்டியில், “நாஹி!” என்றார்.

ஹால் அதிர்ந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்று, போய்ப் பாரும்மா என்று மராட்டியில் ஆசிரியையை அதட்டினார். ஆசிரியை அசையவில்லை. “நாஹி!” இப்போது மொத்தக் கூட்டமும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, போ என்றும் நாஹி என்றும் கத்தியது. போனாக நின்ற நான் என் வசனத்தை மறந்து, கூட்டத்தோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.

அன்று ஆசிரியையின் மாணவிகள் சிலரும் வந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை அவர் வகுப்பில் நுழைந்து, வீட்டுப்பாடம் முடித்தாயிற்றா என்று கேட்டாராம். மொத்த வகுப்பும் இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றதாம்.