பைகளுக்குக் காவலிருந்தவர்

போன வாரம் மகனை மைதானத்தில் இறக்கிவிட்ட பிறகும் காருக்குள் தைல வாசம் தங்கிவிட்டது. அவன் முழங்காலுக்குப் பூசுகிற, அதே காரமான தைலம். கண்ணாடியை இறக்கியும் போகவில்லை. அந்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு முழங்கால் ஞாபகம் வருவதில்லை. ஒரு கையெழுத்துத்தான் ஞாபகம் வரும். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கல்முனையில் நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்கு நான்தான் தலைவன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பந்தைவிடத் தலைமுடியை அதிகம் கவனித்த ஆள் நான். ஆனாலும் முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிறவன் என்ற பெயர் மருதமுனை வரைக்கும் இருந்தது. அந்த வருடம் புதிய பயிற்றுநராகக் குணம் சேர் வந்தார். எங்கள் முஸ்லிம் ஊருக்குப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மீனவக் குடும்பம். சைக்கிள் ஹேண்டிலில் பந்து வலை தொங்க வருவார்; முழங்கால்களில் எப்போதும் அந்தத் தைலம்.

வந்த முதல் வாரமே என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினார். "நீ நல்லா ஓடுறாய் மகன், ஆனா பந்த ஒருத்தருக்கும் குடுக்கிறாயில்ல. கொஞ்ச நாள் பின்னுக்கு நிண்டு பார்" என்றார். எனக்கு அது பெரிய அவமானம். பிறகு தோற்கத் தொடங்கினோம். நிந்தவூரில் தோற்றோம், அட்டாளைச்சேனையில் தோற்றோம், சொந்த மைதானத்தில் உம்மாமார் மதிலுக்கு மேலால் பார்த்திருக்கவும் தோற்றோம். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் பயிற்சிக்கே ஒழுங்காகப் போகவில்லை. நானும்தான். ஆனால் ஊர் முழுக்க சேரைத்தான் ஏசியது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கால்மணி நேரம் இருக்கும்போதே விசில் ஊதிவிடுவார். "உளூ எடுக்க ஓடுங்க, பையெல்லாம் நான் பார்த்துக்குறன்" என்பார். நாங்கள் கைகால் முகம் கழுவித் தொழுதுவிட்டு வரும்வரை மைதானத்து ஓரத் தென்னை மரத்தடியில் பைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். ஒருநாளும் ஒரு சப்பாத்துக்கூடக் காணாமல் போனதில்லை.

ஆறாவது தோல்விக்குப் பிறகு, சேரை நிறுத்தச் சொல்லிக் கல்லூரி அதிபருக்குப் பெட்டிஷன் ஒன்று தயாரானது. எழுதியது எங்கள் கோல் காப்பாளன் நஸீரின் மூத்த அண்ணன், எங்கள் எல்லோருக்கும் காக்கா. ஊரில் யாருக்கு யார்மீது முறைப்பாடு என்றாலும் அவருடைய பேனாதான். எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நடுவில் ஒரு வரி: 'மஃரிப் நேரத்திலும் பயிற்சி நடத்தி மாணவர்களைத் தொழவிடாமல் தடுக்கிறார்.'

"அப்பிடி நடக்கல்லியே காக்கா?" என்றேன்.

"பந்து தோத்த எண்டு எழுதினா அதிபர் சிரிப்பாரு. இத எழுதினாத்தான் எடுபடும். நீதானே கெப்டன், முதல்ல நீ கையெழுத்துப் போடு."

போட்டேன். திரும்பவும் முன்வரிசையில் நிற்கலாம் என்ற ஆசை, அவ்வளவுதான். பொய்யென்று தெரிந்தே, அழகாகச் சுழித்துப் போட்டேன்.

ஒரு கிழமைக்குள் அதிபர் அவரை நிறுத்திவிட்டார். பெட்டிஷனை அவரிடமே வாசிக்கக் கொடுத்தாராம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வலையையும் பந்துகளையும் ஒப்படைக்க அவர் கடைசியாக வந்த அன்று நாங்கள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். மஃரிப் நெருங்கியது. கழுத்தில் விசில் இல்லை, கையைத் தட்டினார். "போயிட்டு வாங்க தம்பிமார், நான் இருக்கன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தொழுகை முடிந்தும் பள்ளிவாசலை விட்டு எழும்பவில்லை. கட்டாயமில்லாத சுன்னத்துத் தொழுகையும் தொழுதேன், ஓதினேன். நான் அவ்வளவு பேணுதலாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். பொடியன்கள் பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், சேரும் போயிருப்பார் என்று நிச்சயித்துக்கொண்டு, இருட்டுப்பட்ட பிறகு வந்தேன். அவர் தென்னை மரத்தடியில் குந்தியிருந்தார்.

"உன்ட பை மட்டும் கிடந்துது, மகன். அதான் இருந்தன்."

பையைத் தந்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றப் பக்கமாக நடந்தேன். அடுத்த ஆட்டத்தில் நான் முன்வரிசையில் நின்றேன். அதிலும் தோற்றோம், முன்பைவிட மோசமாக.

அவருடைய கிராமம் என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். அவர் காலமாகிவிட்டார் என்று கேள்விப்படும்வரை ஒருநாளும் நான் போகவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மகனைக் கூட்டிவர அதே மைதானத்துக்குப் போனபோது பார்த்தேன், அந்தத் தென்னை மரம் இல்லை. அந்த இடத்தில் இரும்புக் கதவு போட்ட அறை. மகன் பையை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் தந்துவிட்டுத் தொழ ஓடினான். குணம் சேருக்குப் பிறகு அந்தக் கிராமத்திலிருந்து எங்கள் கல்லூரிக்குப் பந்து பழக்க ஒருவரும் வந்ததில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?