மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்

போன மாதம் ஜப்பானில், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றுகொண்டு, ஒரு மூங்கில் தட்டியைப் பார்த்து என் மனைவியின் பெயரைக் கத்தினேன்.

பதறாதீர்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் மகள் அங்கே க்யூஷு தீவில் வேலை பார்க்கிறாள். டிக்கெட் போட்டு அழைத்தாள். திருவொற்றியூரிலிருந்து நானும் மல்லிகாவும் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் அதுவரை திருப்பதிதான். கிளம்பிவிட்டோம். மகளுக்கு ஆபீஸ் இருந்த ஒருநாள், எங்கள் இருவரை மட்டும் பஸ் ஏற்றி வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றுக்கு அனுப்பினாள்.

எரிமலை அடிவாரம். சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி வருகிறது. காற்றெல்லாம் கந்தக வாடை. கூட இறங்கியவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து எண்ணெய் ஆலை வாடையில் பழகிய மல்லிகா நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள்.

“இன்னாய்யா, மணலி வந்துட்ச்சா?”

பொதுக் குளியல் இடத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் தட்டி. துணியோடு இறங்கக் கூடாது என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அதை நான் மல்லிகாவிடம் கவுன்ட்டருக்குப் போன பிறகுதான் சொன்னேன்.

“இன்னாது! நீ போய் குளி. நான் இங்கியே குந்திகினு கீறேன்.”

வந்ததே அவளுடைய மூட்டுவலிக்காகத்தானே? கவுன்ட்டரில் இருந்த வயதான பெண்மணி, இவள் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்தார். தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். மல்லிகாவும் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான் — கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

நானும் இறங்கினேன். கழுத்தளவு வெந்நீர். சொர்க்கம்! சுகமாகக் கண்ணைத் திறந்தால்... எதிரே ஒரு போர்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளின் படம். அதன்மேல் சிவப்புக் கோடு.

மல்லிகாவுக்கு பிரஷர் உண்டு. போன வருஷம் சமையலறையில் மயங்கி விழுந்தாள். நான் வெளியே போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். இங்கே விழுந்தால்? என்ன செய்கிறது என்று எந்த மொழியில் சொல்வாள்?

எழுந்து தட்டியருகே ஓடினேன்.

“மல்லி!”

தட்டியில் காதை வைத்தேன். தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

“ஏய், மல்லி! இன்னா ஆச்சு? மல்லி!”

குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பார்க்கட்டும்! தட்டியைப் பிடித்து உலுக்கினேன்.

“யோவ்! இன்னாத்துக்கு இந்தக் கூவு கூவுற?”

எனக்கு உயிர் வந்தது. “உனக்கு பிரஷர் கீதுமே! வெளிய வா!”

“அந்தம்மா நெஞ்ச தொட்டு கேட்டாங்க, ஆமான்னேன். காலை மட்டும்தான் தண்ணில வுட்டுகினு கீறேன். நீ கம்னு குளி.”

அந்தப் பக்கம் நாலைந்து பெண்களின் சிரிப்பு. எல்லோரையும்விட மல்லிகாவின் சிரிப்புதான் பெரிது.

மறுபடி தண்ணீரில் உட்கார்ந்தேன். காது மட்டும் தட்டியிலேயே இருந்தது. அவர்கள் ஜப்பான் மொழியில் என்னவோ கேட்கிறார்கள். இவள் பச்சைத் தமிழில் பதில் சொல்கிறாள் — மாடிப்படி ஏறினால் முட்டி எப்படி உயிரை எடுக்கிறது என்று. அவர்கள் “ஓ...” என்கிறார்கள். பேச்சு நிற்கவே இல்லை!

பிறகு என் விஷயம்.

“அவருதான் கத்தினது. எம் புருஷன். பேப்பர்ல எழுதுவாரு. சரியான பயந்தாங்கொள்ளி... ஆனா நல்ல மனுஷன்.”

என் முகத்துக்கு நேரே இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் எதிரில் இல்லாதபோது என் மனைவி எப்படிப் பேசுவாள், எதற்குச் சிரிப்பாள்? இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நாம் வீட்டுக்குள் நுழைந்ததுமே பேச்சு மாறிவிடுகிறதே — கேஸ் புக் பண்ணியா, சோறு போடட்டுமா...

முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“வலி அப்டியேதான் கீது. ஆனா சொகமா கீது.”

ஊர் திரும்பிவிட்டோம். இப்போதெல்லாம் தண்டையார்பேட்டைத் தங்கையோடு அவள் போனில் பேச ஆரம்பித்தால், நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். ஒட்டுக் கேட்கிறேன் என்று திட்டுகிறாள்.

திட்டட்டும்... அதையும் கேட்கிறேன்!