பெருமாயி போடாமல் விட்ட இடம்

மலைமேல் இருக்கும் எங்கள் மேல்வளவில் ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள் பேசுவோம், பெண்கள் பின்னால் நின்று கேட்பார்கள். பெருமாயி மட்டும் முன்னால் வந்து உட்காருவாள். பேச்சு கோணலாகப் போனால் "அதென்னங்க அப்படி?" என்று கேட்டுவிடுவாள். அவளுக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் அதிகாரி எவராவது மலையேறி வந்துவிட்டால் அதே வாயைத்தான் தேடிப் போவோம். பஸ் நிற்காமல் போகிறது, குடிதண்ணீர் மோட்டார் ரிப்பேர், எதுவானாலும் "பெருமாயி, நீ சொல்லு" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். இந்த ஊரின் லட்சணம் அது.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் பிறந்து, வளப்பூர் நாட்டிலிருக்கும் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் கருப்பண்ணன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போனான். வடக்கே ஊர் ஊராகத் துளை போட்டுவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர்த் திருவிழா நோம்பிக்கு வருவான். பிறகு அதுவும் நின்றது. அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று கேள்வி. பெருமாயி அழுதாளோ என்னவோ, நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் அவள் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டதைத்தான்.

சரிவில் அவளுக்கு மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் உண்டு. ஆனால் உயிர் முழுக்க அந்த நெல்வயலின் மேல்தான். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் படிப்படியாக எங்கள் வயல்கள் இருக்கின்றன. மேலே ஓர் ஊற்று. கோடையிலும் வற்றாது. அதன் தண்ணீர் முதலில் பெருமாயி வயலில் இறங்கி, அப்புறம்தான் மற்றவர்கள் வயலுக்குப் போகும். அதில் விளைந்ததைச் சாப்பிட்டுத்தான் மகள் ராதிகாவை வளர்த்தாள், காளப்பநாயக்கன்பட்டியில் கட்டிக்கொடுத்தாள். "அந்த வயல் இருக்கற வரைக்கும் எனக்கு எவன் தயவும் வேண்டாமுங்க" என்பாள். அந்த எவனில் கருப்பண்ணனும் அடக்கம்.

ஊற்றுக்கு மேலே சாமிக்காடு. செருப்புப் போட்டு உள்ளே போகமாட்டோம், அரிவாள் கொண்டுபோகமாட்டோம், காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூடப் பொறுக்கமாட்டோம். வருஷத்தில் ஒருநாள் விளிம்பில் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்தக் காடு இருப்பதால்தான் ஊற்று ஓடுகிறது என்று அன்றைக்கு நாங்கள் யாரும் யோசித்ததில்லை. சாமியின் காடு, சாமியின் தண்ணீர், அவ்வளவுதான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு நீர்வடிப்பகுதித் திட்டம் என்று ஒன்று வந்தது. மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு ஓடாமல் எங்கே நிறுத்துவது, எங்கே மரம் நடுவது என்பதை ஊரே சேர்ந்து முடிவு செய்யவேண்டுமாம். திட்டத்திலிருந்து மோனிஷா என்ற பெண் வந்தாள். ராசிபுரத்துப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. குழு அமைத்தார்கள். தலைவியாகப் பெண் வேண்டும் என்றார்கள். யாரைத் தள்ளிவிட்டோம் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கலர்ப்பொடிகளைப் பரப்பி வைத்து, "உங்க ஊர்ப் படத்தை நீங்களே போடுங்க" என்றாள் மோனிஷா. காட்டுக்குப் பச்சை, வயலுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம். ஆண்கள் எல்லோரும் தலையைச் சொறிந்தோம். பெருமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ரோடு, வீடுகள், ஓடை, வயல்கள் என்று ஒவ்வொன்றாய்ப் போட்டாள். மண் அரித்துப்போகும் மொட்டைப்பாறைச் சரிவில் நீலப்பொடியால் ஒரு வட்டம் போட்டு, "இங்கொரு குட்டை வெட்டுனா நல்லாருக்கும்" என்றாள். நாங்கள் ஆமாம் போட்டோம்.

ஊற்றுக்கு மேலே வந்தபோது அவள் கை நின்றது. பூசாரி செங்கோடனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். சரிதானே, தரையில் போடுகிற படம். கூட்டம் முடிந்தால் நாலு பேர் மிதிப்பார்கள், கோழி கிளறும், நாளைக்கு விளக்குமாறு போட்டுக் கூட்டித் தள்ளுவார்கள். சாமியை அங்கே வைக்கலாமா? பெருமாயி அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போய்விட்டாள்.

"அங்க என்னங்கம்மா இருக்கு?" என்று மோனிஷா கேட்டாள்.

"அது சாமி எடம் கண்ணு. கால்படற பக்கம் போடக்கூடாது."

"சரிங்கம்மா, நான் ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டுதான் போயிருப்பாள். அடுத்த மாதமே வேறு வேலை கிடைத்து அவள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். ஞாபகமும் கூடவே போனது. ஆபீசில் மிஞ்சியது படத்தின் போட்டோ மட்டும்தான்.

மழைக்காலம் முடிந்து திட்டத்தைக் கிராமசபையில் வாசித்தார்கள். எல்லாம் புல எண்கள். எங்களுக்கு நிலம் பேரால் தெரியும், நம்பரால் தெரியாது. "தரிசு நிலத்தில் கசிவுநீர்க் குட்டை" என்று ஒரு வரி வந்தது. குட்டை என்ற சொல் காதில் விழுந்ததும், தான் கேட்ட மொட்டைப்பாறைக் குட்டைதான் என்று பெருமாயிக்கு ஒரே சந்தோஷம். கையெழுத்துப் போட்டாள். நாங்களும் போட்டோம். டீயும் மிக்சரும் கொடுத்தார்கள்.

வேலையை எடுத்தவன் எங்கள் ஊர் தனபால்தான். பொக்லைன் வந்து இறங்கிய அன்று பெருமாயி ஊரில் இல்லை. ராதிகாவுக்குப் பிரசவம் என்று காளப்பநாயக்கன்பட்டிக்குப் போயிருந்தாள். வண்டி மொட்டைப்பாறைக்குப் போகாமல் நேராகச் சாமிக்காட்டுக்குப் போனது. எங்கள் கண்ணெதிரேதான் போனது. "டேய் தனபாலு, அது சாமிக்காடுடா" என்று செங்கோடன் சொன்னார். "ஆர்டர் அங்கதான் போட்டிருக்குதுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றான் அவன். அதற்குமேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாமி ஏறினால் ஊரையே அதட்டுகிற மனுஷன், ஆர்டர் என்றதும் அடங்கிவிட்டார். மரங்கள் விழுந்தன. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். "பெருமாயி வரட்டும், கேட்டுக்கலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஆண்பிள்ளைகள் என்று மீசை வைத்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் சொன்னோம்.

சேதி போய், மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் பையோடு நேரே காட்டுக்கு ஓடினாள். விளிம்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் வண்டியின் முன்னால் நின்றாள். அதற்குள் பாதிக் காடு போய்விட்டிருந்தது. நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே பள்ளம்.

இன்ஜினியர் ஸ்டீபன் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சத்தம் போடுகிறவர் இல்லை. போட்டோவை எடுத்துக் காட்டினார். பொடிக் கையோடு பெருமாயி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க போட்ட படம்தானம்மா?"

"நான் போட்டதுதானுங்க."

"நீங்க கேட்ட பாறையில தோண்ட முடியாதுன்னு காலி இடமா பாத்தோம். இந்த இடத்துல நீங்க ஒண்ணுமே போடலயே. ரெவின்யூ ரெக்கார்டுலயும் தரிசுன்னுதான் இருக்கு. நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"நீங்க ஒருக்கா நேர்ல வந்து பாத்திருந்தா, மரம் நிக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே?"

அவர் போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பி அனுப்பினார். வேலை முடிந்ததாக எழுதிக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்து வந்த மழையில் பள்ளம் நிறைந்தது. ஊற்று ஒரு மாதம் செம்மண்ணாக ஓடியது. அப்புறம் மெலிந்தது. மாசி பிறக்கும்போது அது இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது, பங்குனியில் அதுவும் இல்லை. முதலில் காய்ந்தது பெருமாயி வயல். தோண்டியதில் அடியிலிருந்த பாறை பிளந்து தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டது என்கிறார்கள் படித்தவர்கள். சாமி கோபித்துக்கொண்டது என்கிறார் செங்கோடன். எப்படி இருந்தாலும் தண்ணீர் போனது போனதுதான்.

ஊருக்கு ஓர் ஆள் வேண்டுமே. தனபாலைச் சொல்லமுடியாது, அவன் வண்டியில்தான் எல்லோர் மரவள்ளியும் ஜவ்வரிசி மில்லுக்குப் போகிறது. ஆபீசைச் சொல்லமுடியாது, அடுத்த திட்டம் வராமல் போய்விடும். "இவ படம் போட்டதுனாலதான் வந்துச்சு. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா?" என்று ஆரம்பித்தார்கள். செங்கோடன், தான் தலையாட்டியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் சாமிக்காட்டுப் பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு சேர்க்கிற அரிசியில் அவளுடையதை வாங்கவேண்டாம் என்று முடிவானது. அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. அரிசிப் பானையோடு வந்தவளைப் பார்த்து எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அவள் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு என் ஊர்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்படியும் அவள் அந்த வயலில் வேறு எதுவும் வைக்கவில்லை. இரண்டு வருஷம் சும்மா போட்டிருந்தாள். "தண்ணி திரும்பி வந்தாலும் வரும்" என்பாள். வரப்பை மட்டும் ஒழுங்காக வெட்டி வைத்திருப்பாள். கீழ்வயல்காரர்கள் எல்லோரும் அதற்குள் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள்.

போன ஆவணியில் இன்னொரு திட்டம் வந்தது. வற்றிப்போன ஊற்றுகளுக்கு உயிர்கொடுக்கும் திட்டமாம். புது அதிகாரி, புது ஜீப்பு, அதே மைதானம். மக்கள் பங்கேற்பு முக்கியம் என்றார். ஊற்று ஏன் வற்றியது என்று கேட்டார். "மழை சரியில்லீங்க" என்றான் தனபால். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெருமாயி எழுந்தாள். "மழையெல்லாம் நல்லாத்தான் பேயுதுங்க. சாமிக்காட்டத் தோண்டுனாங்க, தண்ணி போயிருச்சு. என்ர படத்த வெச்சுத்தான் தோண்டுனாங்க. இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க" என்றாள்.

எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"பழசு எதுக்கும்மா? இனி என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"அந்தப் பள்ளத்த மூடி, நாலு மரத்த நட்டுட்டு, அப்படியே உட்டுருங்க சாமி. ஒருத்தரும் அங்க போகவேண்டாம். நாங்களும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். அதுவா வரட்டும்."

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஒண்ணும் செய்யாம விடறதுக்குத் திட்டத்துல வழியில்லயே. ஏதாவது வேலை எடுத்தாத்தான் கணக்கு காட்ட முடியும்."

பள்ளத்தை ஆழப்படுத்தி, கீழே ஒரு தடுப்பணை கட்டுவதென்று முடிவானது. சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். பெருமாயி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி, வாசித்தும் காட்டினார்கள். அது அப்படியில்லை என்று சொல்ல அவள் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனேன். அவள் வயலின் வரப்பைக் கொத்திச் சரித்துவிட்டு, உள்ளே வரிசையாக மரவள்ளிக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தாள்.