மத்தியான ஓய்வு கேட்டவர்

கடைத்தெருவில் நாலு பேர் பேப்பரை விரித்து உட்கார்ந்தால் போதும், என்னைப் பார்த்து ஒரு கேள்வி வந்துவிடும். "அண்ணே, நீங்க அரபு நாட்டுல இருந்தவங்க. அங்கல்லாம் ஏன் ஜனநாயகம் நிக்கவே மாட்டேங்குது?" ஏழு வருஷம் அங்கே சாந்துச் சட்டி தூக்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது? "ஆளை விடுங்கப்பா" என்று எழுந்து வந்துவிடுவேன். கேட்கிற பிள்ளைகள் மேல் கோபம் இல்லை. எனக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். அந்த நாடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம். அதையும் இதுவரை வெளியே சொன்னதில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா பண்ணையில் கூலிக்கு அறுத்தவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அறுவடைக்கு அறுவடை தகராறு வரும். கூலி நெல்லில் ஒரு படி கூட்டிக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிடுவார்கள். மிராசுதார் வெளியூர் ஆளை இறக்குவார். வரப்பில் மறியல், போலீஸ், அடிதடி எல்லாம் நடக்கும். பேசியே எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், செத்தவர்களும் உண்டு. ஆனாலும் பல தடவை கடைசியில் தாலுகா ஆபீசில் பேச்சு வார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். நடுவில் தாசில்தார், ஒரு பக்கம் மிராசுதார், எதிரே எங்கள் தெருவில் மூத்தவர் ஒருவர். பண்ணை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற அந்த மனிதருக்கு அங்கே நாற்காலி போடுவார்கள். கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் இந்த வழக்கம் மட்டும் நின்றதில்லை. 'உங்கள் தலைவர் யார், வரச் சொல்' என்று அதிகாரி கேட்டுவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த நம்பிக்கையோடுதான் விமானம் ஏறினேன். என்னோடு வந்தவர் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு கொத்தனார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், பேசி வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு வருஷத்துக்குள் கிரையம் முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் மனைவி நடவுக்கு இறங்கும்போதெல்லாம் மிராசுதார் மகன் வரப்பில் நின்று வாடி போடி என்று விரட்டுவானாம். "இனிமே அவ சேத்துல கால வச்சா அது எங்க சொந்த வயலா இருக்கணும் தம்பி. அதுக்குத்தான் இந்தப் பாலைவனத்துக்கு வந்தேன்" என்பார். வாரம் ஒரு தடவையாவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஆறாவது மாதம் வெயில் உச்சிக்கு வந்தது. கம்பியைத் தொட்டால் தோல் கழன்று வந்துவிடும். ஒரே வாரத்தில் இரண்டு பேர் சாரத்திலிருந்து மயங்கி விழுந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினோம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓய்வு வேண்டும் என்று ஒரு மனு. இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நான் எழுதினேன்; கீழே 'தொழிலாளர்கள்' என்று மட்டும் போட்டு ஆபீசில் சேர்த்தோம். மறுநாள் காலையில் யாரும் வேலைக்குக் கிளம்பாமல் கேம்ப் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு ஒரே குஷி. அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆஜர் எடுக்கிறவர் ஒரு எகிப்துக்காரர். அவர் ஊரில் வாத்தியாராக இருந்தவராம். என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அரைகுறை இங்கிலீஷும் கையசைப்புமாக அவர் சொன்னது இதுதான்: "அதிகாரி வருவான். ரொம்ப மரியாதையாகப் பேசுவான். தலைவர் யார் என்று கேட்பான். யாரும் இல்லை என்று சொல்லுங்கள். ஒரு ஆளைக் காட்டிவிடாதீர்கள்." அவருடைய தம்பி காலேஜில் ஒரு காகிதத்தில் முதல் கையெழுத்துப் போட்டானாம். போலீஸ் கூட்டிக்கொண்டு போய் ஆறு வருஷமாயிற்று, ஆள் இருக்கிறானா என்றே தெரியாதாம். சொல்லும்போது நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "அது உங்க ஊர் சார். எங்க ஊர்ல பேச்சுன்னு வந்துட்டா பேசித்தான் தீப்பாங்க" என்றேன், நாங்கள் நின்றது அவர் ஊரும் இல்லை, என் ஊரும் இல்லை என்ற அறிவுகூட இல்லாமல்.

பத்து மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. வெள்ளை அங்கி போட்ட அதிகாரி, கூட இரண்டு போலீஸ், ஒரு மொழிபெயர்ப்பாளர். அதிகாரி சிரித்த முகமாக இருந்தார். "உங்கள் கஷ்டம் புரிகிறது. உங்கள் தலைவர் யார்? வந்தால் உட்கார்ந்து பேசலாம்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நீயே போ தம்பி, உனக்குத்தான் பாஷை தெரியும்" என்றார் அண்ணன்.

"மூத்தவங்க போனாத்தான் மரியாதை. நீங்க போங்கண்ணே" என்றேன்.

பயந்து அவரைத் தள்ளிவிடவில்லை. பயந்திருந்தால்கூட என்னை மன்னித்துக்கொள்ளலாம். பெருமை, வெறும் பெருமை. அவர் உள்ளே போய் வெளுத்த சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு வந்து காரில் ஏறினார். நாங்கள் கை தட்டி அனுப்பினோம்.

இருட்டுகிற வரை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கேம்ப் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வேலை கிடையாது. தொழிலாளர்களின் உடல்நலத்தில் நிர்வாகத்துக்கு இருக்கும் அக்கறையாம். எகிப்துக்காரர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "கொடுப்பார்கள். ஆனால் நீங்கள் கேட்டு வாங்கினீர்கள் என்று இருக்கக்கூடாது" என்றார்.

அண்ணனை நாற்பது நாள் உள்ளே வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக் கடிதத்தில் தெரிந்தது. கெடு தாண்டியது, நிலம் வேறு ஆள் கைக்குப் போனது. அவர் மனைவி பழையபடி பண்ணை வயலிலேயே இறங்கினார். நான் அங்கேயே ஏழு வருஷத்தை முடித்தேன். ஒவ்வொரு மத்தியானமும் மூன்று மணி நேரம் நிழலில் படுத்திருந்தேன். தூக்கம் வராது.

ஊர் திரும்பிய பிறகு அண்ணனைத் தினம் பார்ப்பேன். "என்ன தம்பி, சாப்டாச்சா?" என்பார். "ஆச்சுண்ணே" என்று நகர்ந்துவிடுவேன். இப்படியே வருஷங்கள் ஓடின. அப்புறம் ஒரு நாள் எங்கள் வீட்டு டிவியில் எகிப்துச் சதுக்கத்தைக் காட்டினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஜனம். முப்பது வருஷம் ஆண்டவர் இறங்கிப் போய்விட்டாராம். பிற்பாடு தேர்தல் நடந்ததும், மறுபடி ராணுவம் வந்து உட்கார்ந்ததும் வேறு கதை. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கோ வந்த அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தேன். "பாத்தீங்களாண்ணே, சாதிச்சுட்டாங்க!"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ள கெடந்தவங்களத் தொறந்து விட்டுட்டாங்களா தம்பி?"

"தெரியலண்ணே."

"ம்." டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "மனுவ எழுதுனது யாருன்னுதான் எங்கிட்ட கேட்டாங்க. நான்தான்னேன். பேனாவக் குடுத்து, எழுதிக் காட்டுன்னாங்க. எனக்கு என் பேர எழுதத்தான் தெரியும். எழுதுனவன் பேரச் சொல்லிட்டா அன்னைக்கே வேலைக்குத் திரும்பிடலாம்னாங்க."

"சொல்லியிருக்கலாமேண்ணே. நெலம் நின்னுருக்குமே."

"நின்னுருக்கும்" என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவங்க நாப்பது நாளும் கேட்டாங்க தம்பி. ஊருக்கு வந்து இத்தன வருசத்துல, என்ன நடந்துச்சுன்னு நீ ஒரு நாள்கூட எங்கிட்ட கேக்கலியே."