மீனுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்

எங்கள் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது இரண்டு முழங்காலும் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது, காய்ச்சலும் விட்டது. அப்பாடா என்று இருந்தேன். ஆனால் சித்தூரில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு முதுகில் வைத்துக் கேட்டார்.

"இதயத்துல ஒரு சத்தம் வருதும்மா. எட்டு வாரம் படுக்கைய விட்டு எறங்கவே கூடாது. ஓடினா, குதிச்சா அந்தச் சத்தம் நிரந்தரமா தங்கிடலாம்" என்றார். மாதம் ஒரு ஊசி. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் தர வேண்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் பார்ப்பேன். எட்டு வாரம் என்றால் வலி இருந்தபோது படுத்திருந்த நாட்களும் அதில் சேருமா என்று ஒரு நாள் யோசிப்பேன். தலையணையில் சாய்ந்து உட்காருவது இறங்கியதாகுமா என்று மறுநாள் யோசிப்பேன். அவளுக்கோ வலி போய்விட்டது. வலி இல்லாத ஆறு வயதுப் பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைப்பது எப்படி என்று நோட்டில் இல்லை. கதை சொன்னேன், பாட்டுப் பாடினேன், ஞாயிறு பள்ளியில் கொடுத்த படங்களைக் காட்டினேன். நான் அடுப்படிக்குப் போனால் போதும், கட்டில் கால் கிறீச்சென்று சத்தம் போடும்.

அந்த நாட்களில் என் நாத்தனார் திருப்பதியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். இரண்டாவது வாரம் வந்தபோது மடியில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டடி நீளம், ஓரடி உயரம், இரும்புச் சட்டம். ஒரு பக்கம் விரிசல் என்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்டதாம்.

"கண்டக்டர் என்னா கேட்டார் தெரியுமா அண்ணி? 'ஏமம்மா, ஈ அத்தால பெட்டெக்கி டிக்கெட் எவரு தீஸ்தாரு'ன்னார். 'லோப்பல எவரூ லேரன்னா'ன்னு சொல்லிட்டேன்."

கண்ணாடிப் பெட்டிக்கு யார் டிக்கெட் எடுப்பது என்று அவர் கேட்க, உள்ளே யாரும் இல்லையண்ணா என்று இவள் சொன்னதும் பஸ்ஸே சிரித்ததாம். கட்டிலில் கிடந்தவளும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

படத்துக்குச் சட்டம் போடும் கடையில் நாத்தனார் விரிசல் கண்ணாடியை மாற்றினாள். தண்ணீர் கசிகிறதா என்று மூன்று நாள் முற்றத்தில் நிரப்பி வைக்கச் சொன்னாள். எனக்கு ஆயிரம் சந்தேகம். வீட்டுக்குள் தண்ணீர் தேங்கினால் கொசு வராதா? ஈரம் பிள்ளைக்கு ஆகுமா? அதைவிடப் பெரிய சந்தேகம் வெளிச்சத்தைப் பற்றி. கட்டில் இருந்தது உள் அறையில். அங்கே ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. பகலிலும் அங்கே புத்தகம் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டும்.

"இந்த இருட்டுல என்ன வளரும்? துளசியே வாடிப்போச்சு" என்றேன்.

"துளசிக்கு வெயில் வேணும் அண்ணி. வெயிலே பாக்காத செடியா பாத்துக் கொண்டாந்தா இங்க நல்லா இருக்கும். வெயிலு பட்டாத்தான் தொல்லை, தண்ணி பச்சையா பூடும்."

அடுத்த வாரம் அவள் வழியில் புத்தலப்பட்டில் இறங்கி ஏரிக்குப் போய்விட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தாள். புடவையின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு. ஏரி நடுவில் வெயிலில் மிதந்த செடிகளை அவள் தொடவில்லை. மதகுக்குப் பின்னால், புளியமர நிழலில், எப்போதும் மங்கலாக இருக்கிற இடத்தில் முளைத்தவற்றை மட்டும் வேரோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்று ரிப்பன் போல நீள இலை. இன்னொன்று நரிவால் போலப் புசுபுசுவென்று இருந்தது. படித்ததை இப்படிக் கையோடும் காலோடும் பயன்படுத்துகிறவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நானும் தாவரம் பற்றிப் படித்தேன், பரீட்சைக்கு எழுதினேன், அத்தோடு சரி.

தொட்டியை உள் அறையில் ஜன்னலடிப் பெஞ்சுமேல் வைத்தாள். அடியில் இரண்டு விரல் அளவுக்கு ஏரி வண்டல். அதன்மேல் ஏழெட்டு முறை அலசிய ஆற்றுமணல். மணலில் விரலால் குழி செய்து ஒவ்வொரு செடியாக நட்டாள். பிறகு மணல்மேல் ஒரு தட்டை வைத்துத் தட்டின்மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள். மணல் அசையவில்லை. ஒரு குடம் தீர அரைமணி நேரம் ஆனது. நானாக இருந்தால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கலங்கிப்போச்சே என்று அழுதிருப்பேன். மொத்தம் மூன்று குடம் பிடித்தது.

"மீனு எங்க அத்தை?" என்று கட்டிலிலிருந்து குரல்.

"ரெண்டு வாரம் ஆவும். மொதல்ல செடி வேரு புடிக்கட்டும். வேரு புடிச்சா புது இலை விடும். எந்தச் செடி மொதல்ல விடுதுன்னு நீ பாத்துச் சொல்லு. படுத்துக்கினே பாக்கற மாதிரி வெச்சிருக்கேன்."

வெறும் புல்லை வைத்து ஒரு பிள்ளையை இரண்டு வாரம் படுக்க வைக்க முடியுமா என்று நான் நம்பவில்லை. ஆனால் முடிந்தது. இலையில் குமிழி ஒட்டியிருக்கிறது என்பாள். செடியோடு எப்படியோ வந்துவிட்ட நத்தை ஒன்று கண்ணாடியில் ஏறுவதை ஒரு மதியம் முழுக்கப் பார்த்தாள். நான் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன். கட்டில் சத்தம் போடவில்லை. ஐந்தாம் வாரக் கடைசியில் ஐந்து கெண்டைப்பொடிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்து சேர்ந்தன. விரல் நீளம், வெள்ளிப் பக்கம், வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு.

"கொழம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது" என்று என் கணவர் கேலி செய்தார்.

"நைனா! அது என் மீனு!" என்று அவள் கத்தினாள். கத்தினால் நெஞ்சுக்கு ஆகுமா என்று நான் இருவரையும் அடக்கினேன்.

ஆறாவது வாரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் சபைக் குருவின் மனைவியை ஐயரம்மா என்றுதான் அழைப்போம். பிள்ளைக்காக ஜெபம் செய்ய அவர் சனிக்கிழமை மாலை சங்கத்துப் பெண்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை வீட்டைக் கழுவித் துடைப்பது எங்களுக்குப் பழக்கம், ஞாயிற்றுக்கிழமைக்காக. இந்த முறை வெள்ளிக்கிழமையே வீடு முழுக்கக் கழுவியாயிற்று. தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் இளம் டீ நிறத்தில் இருந்தது. கண்ணாடியில் மெல்லிய வழுவழுப்பு. நோயாளிப் பிள்ளையின் அறையில் இப்படி ஒரு அழுக்குத் தண்ணீரா என்று நாலு பேர் நினைக்க மாட்டார்களா?

தண்ணீரை மாற்றாதீர்கள் என்று நாத்தனார் சொல்லித்தான் இருந்தாள். குறைந்தால் மட்டும் ஒரு சொம்பு ஊற்றச் சொல்லியிருந்தாள். ஆனால் அவள் இந்த நிறத்தைப் பார்க்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிலும் நான் அஜாக்கிரதையாகச் செய்யவில்லை, அதுதான் வேதனை. கிணற்றுத் தண்ணீரில் என்ன கிருமி இருக்குமோ என்று அன்றைக்கே மூன்று குடம் தண்ணீரை அலுமினியக் குண்டானில் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி, இரவு முழுக்க ஆற வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் மீன்களை ஒரு பேசினுக்கு மாற்றி, பழைய தண்ணீர் முழுவதையும் மொண்டு வெளியே கொட்டினேன். கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சோப்பைக் கையில் எடுத்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று நின்று, திரும்ப வைத்துவிட்டேன். அந்த ஒரு சந்தேகத்துக்காக இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். பிறகு தட்டை வைத்து, நாத்தனார் செய்தது போலவே மெதுவாக, ஆறிய தண்ணீரை ஊற்றினேன். தொட்டி பளிங்கு போல இருந்தது. மீன்களை விட்டேன்.

"அம்மா, எல்லா மீனும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பசிக்குதா?" என்றாள் அவள், அரைமணி கழித்து.

பசிதான் என்று நினைத்து ஒரு சிட்டிகைப் பொரியை நுணுக்கிப் போட்டேன். ஒன்றும் தொடவில்லை. ஐந்தும் தண்ணீரின் தோலை ஒட்டி நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது.

கட்டில் சத்தம் போட்டது. நான் திரும்புவதற்குள் அவள் இறங்கித் தரையில் நின்றுவிட்டாள். அழுகை. தொட்டிக்கு ஓடி வந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். திமிறினாள். என் மார்போடு ஒட்டியிருந்த அந்தச் சின்ன நெஞ்சு அடித்த அடியை எந்தக் குழலும் இல்லாமல் நானே கேட்டேன். ஆறு வாரம் போயிற்று, என் கையாலேயே கெடுத்தேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் திருப்பதி பஸ்ஸில் வந்து இறங்கிய நாத்தனார் உள்ளே நுழைந்தாள். என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னா தண்ணி அண்ணி இது?"

"கொதிக்க வெச்சு ஆறவெச்சது. நல்லாத்தான் ஆறிச்சு. டாக்டரம்மா சொன்னாங்களே..."

"அது பாப்பாவுக்குச் சொன்னது அண்ணி. கொதிச்சா தண்ணியில இருக்கற காத்தெல்லாம் பூடும். மீனுக்கு மூச்சு வாங்குது."

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. இது கணக்கில் ஒரு தப்பு, திருத்தலாம் என்பது போலச் சொன்னாள். நான் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தேன்.

"அழுவறது அப்புறம். நீங்க காபி ஆத்துவீங்களே, ஒரு முழம் தூக்கி, நுரை வர்ற மாதிரி? அதே மாதிரி இந்தத் தண்ணிய ஆத்துங்க. மொண்டு, ஆத்தி, திரும்ப ஊத்துங்க. பித்தளை வேணாம், மீனுக்கு ஆவாது, எவர்சில்வர் சொம்பா ரெண்டு எடுங்க."

பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, எங்க ரெண்டு பேருக்கும் கை காலியா இல்ல. எந்த மீனு கீழ போவுதுன்னு யாரு பாக்கறது? நீ எழுந்தா தொட்டி ஆடும், அதுங்க பயந்துக்கும். ஆடாம அசங்காம படுத்துக்கினு பாத்து எனக்குச் சொல்லணும். செய்வியா?"

அவள் தேம்பிக்கொண்டே படுத்தாள். கண் தொட்டியை விட்டு நகரவில்லை.

நான் ஆற்றினேன். தலைக்குமேல் ஒரு சொம்பு, இடுப்புக்குக் கீழே ஒரு சொம்பு. தண்ணீர் கயிறு போல இறங்கி நுரைத்தது. அந்தப் பக்கம் நாத்தனார், இந்தப் பக்கம் நான். புடவை நனைந்தது, கழுவிய தரை குளமாயிற்று. தோள் கழன்று போகும் போலிருந்தது. ஐயரம்மாவும் நான்கு பெண்களும் வாசலில் வந்து நின்றபோது நாங்கள் அந்தக் கோலத்தில்தான் இருந்தோம்.

"இன்னா ஆச்சு? யாருக்குக் காபி, இவ்ளோ?" என்றார் ஐயரம்மா.

நாத்தனார் நடந்ததை இரண்டே வார்த்தையில் சொன்னாள். யார் தப்பு என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஐயரம்மா வேதப்புத்தகத்தை அலமாரியில் வைத்தார், முந்தானையைச் செருகினார், என் கையிலிருந்து சொம்பை வாங்கினார்.

"நீ போய் அந்தப் புள்ள பக்கத்துல ஒக்காரு. நானும் நாப்பது வருஷமா காபி ஆத்தறவதான்."

"ஒண்ணு கீழ போச்சி!" என்றது கட்டில். சற்றுப் பொறுத்து, "இன்னொண்ணு! அத்தை, செடிக்குள்ள பூந்துக்கிச்சி!"

நான்கு பிழைத்தன. முதலில் சாய்ந்தது பிழைக்கவில்லை. அதை மறைத்துவிடலாமா என்று நான் சைகையில் கேட்டேன். நாத்தனார் தலையசைத்து மறுத்தாள். அதைக் கையில் எடுத்துப்போய் மகளிடமே காட்டினாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மாதான் கண்ணு தப்பு பண்ணேன். தெரியாம பண்ணிட்டேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே அத்தையக் கேட்டுட்டுப் பண்ணு" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அன்று ஜெபம் ஈரத்தரையில் நின்றபடியே நடந்தது, மிகவும் சுருக்கமாக.

அடுத்த இரண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. அன்று இறங்கி ஓடியது நான்கே அடிதான். ஆனால் அந்த நான்கு அடி என்ன செய்திருக்குமோ? நோட்டில் அதையும் எழுதினேன். டாக்டரம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று தினம் ஒரு முடிவு. நாத்தனார் என்னைப் போல இருந்திருக்க மாட்டாள். அவள் நேராகப் போய்ச் சொல்லியிருப்பாள். அதை நினைத்துத்தான் எட்டாம் வாரம் டாக்டரம்மாவைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொன்னேன்.

அவர் குழலை எடுத்தார். முன்னால் கேட்டார், பின்னால் கேட்டார், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சத்தம் நல்லா கொறைஞ்சிருக்கு. முழுசா போச்சுன்னு இன்னிக்கே சொல்ல மாட்டேன். ஊசிய விடாம போடுங்க. இனிமே வீட்டுக்குள்ள நடக்கட்டும், மெதுவா."

ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தோம். அறை வாசலில் அவளை இறக்கினேன். தொட்டிக்கு ஆறேழு அடி இருக்கும். கையைப் பிடிக்கப் போனேன். "நானே" என்றாள். விட்டேன். கால்கள் மெலிந்து போயிருந்தன. ஒவ்வொரு அடியாக வைத்துப் போய், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மங்கிய பச்சைக்குள்ளிருந்து ஒரு மீன் வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"அம்மா, கிட்ட வந்தா எவ்ளோ பெருசா இருக்குது!"

நான் அவள் பின்னால் குனிந்து, மீனைப் பார்க்கிறவள் போல, முதுகில் கையை வைத்தேன். உள்ளே அது சீராக அடித்துக்கொண்டிருந்தது. அவள் நகரும்வரை நான் கையை எடுக்கவில்லை.