தீவுச் சனம்

எங்கள் வீட்டில் தீவு என்றால் ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் ஊர். யாழ்ப்பாணத்துக்கு அருகே கடலுக்குள் கிடக்கிறது. அப்பா பிடிவாதம் பிடித்தால் "தீவார் குணம்" என்று அம்மா நக்கலடிப்பார். அப்பாவின் தங்கை, என் மாமி, இன்றும் அங்கேதான். ஒரு கோடை விடுமுறைக்குப் போனபோது மாமி துருவத் துருவ அவரின் மகளும் நானும் தேங்காய்ப்பூவை அள்ளித் தின்று நல்ல ஏச்சு வாங்கினோம். என் வயதுதான் அவளுக்கும். அந்த மச்சாளை விட்டு வர எனக்கு மனமே இல்லை.

அந்தக் குளிர்காலம் சித்தி நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டில் இருந்தார். ஒஸ்லோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. முன்பொரு காலம் வல்லரசுக்காரர் கடல் நடுவே அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களாம். சாம்பல் சனம் இருந்த தீவுகளிலும் கொட்டியதாம். அந்தச் சனத்தின் உடம்பில், முக்கியமாகக் கழுத்துச் சுரப்பியில், எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கும் என்று, தின்றதையும் குடித்ததையும் வைத்து மதிப்பிடுவது சித்தியின் பணி. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைக்குக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர் சொன்னது மட்டுமே என் காதில் விழுந்தது.

"தீவுச் சனம் பாவம், அக்கா. தேங்காய், மீன், எல்லாத்திலயும் நஞ்சுச் சாம்பல் விழுந்திட்டுது. சின்னப் பிள்ளையளின்ரை கழுத்திலதான் கூடப் போய்ச் சேர்ந்திருக்கு."

நானும் மாமி வீட்டில் தேங்காய்ப்பூ தின்றிருந்தேனே. வெளியே பனி கொட்டியது. சாம்பலும் இப்படித்தான் கொட்டியிருக்கும் என்று யன்னலடியில் நின்று என் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

அந்தக் கிழமையே மாமி அனுப்பிய கருவாடு வந்தது. அப்பா குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குளறி அழுதேன். மாமியும் மச்சாளும் சாகப் போகிறார்கள், அப்பாவும் சாகப் போகிறார் என்று.

விசயம் விளங்கியதும் அம்மாவும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அது எங்கட தீவு இல்லை, பிள்ளை. எங்கயோ பசிபிக் கடல்ல," என்றார் அப்பா.

போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பரவாயில்லை," என்றேன். எனக்கும் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

சித்தி சிரிக்கவில்லை. "ஓம், எங்கட தீவு இல்லைத்தான்," என்று சொல்லி, பாதிச் சோற்றோடு எழும்பிப் போனார். ஒட்டுக் கேட்டதற்கு என்னில் கோபமாக்கும் என்று நினைத்தேன். அந்தத் தீவிலும் யாருக்கோ ஒரு மச்சாள் தேங்காய்ப்பூ அள்ளித் தின்றிருப்பாள் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.