வீட்டில் பெயிண்ட் பேசக்கூடாது

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேசியதெல்லாம் பெயிண்டைப் பற்றித்தான். மற்றவர்கள் வீட்டில் சினிமா, பக்கத்து வீட்டு வம்பு, சொந்தக்காரர்களின் குறை என்று என்னென்னவோ ஓடும். இங்கே சாப்பாட்டு மேஜையில் ஓடியது, சுவர் பெயிண்ட் டப்பாவுக்குள் கிடந்து ஏன் தயிர் மாதிரி கட்டிக்கொள்கிறது என்ற விசாரணை. அவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். அவள் அதே கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள். அவர் கலக்கி அனுப்புவதை அவள் பலகையில் தேய்த்துப் பார்த்துப் பாதியைத் திருப்பி அனுப்புவாள். பகலில் விட்ட சண்டையைச் சாப்பிடும்போது தொடர்வார்கள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

பரிசோதனைக்கூடத்தின் தலைமைப் பதவி காலியானபோது, வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மட்டும் அவளுக்கு. அவள் முணுமுணுக்கவில்லை. ஊருக்கு மறுகோடியில் இருந்த போட்டிக் கம்பெனிக்காரன் கூப்பிட்டு அதே பதவியைத் தருகிறேன் என்றதும் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கடைசி நாளில் கம்பெனி அவளைச் சல்லடை போட்டுச் சலித்தது. கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டார்கள், செல்போனைப் புரட்டிப் பார்த்தார்கள், பையைக் கவிழ்த்தார்கள். இங்கே தெரிந்துகொண்ட எதையும் அங்கே சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். தலையைக் கழற்றி வாங்கிக்கொள்ள வழியில்லாததால் அதை மட்டும் அவளோடு அனுப்பிவைத்தார்கள். பிறகு மேலாளர் இவரையும் கூப்பிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது, இனிமேல் வீட்டில் பெயிண்ட் பேசக்கூடாது என்றார். இவரும் கையெழுத்துப் போட்டார். போட்டபோது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.

பேச முயற்சி செய்யாமல் இல்லை. வெயிலைப் பற்றி ஒருநாள் பேசினார்கள், அது இரண்டு வாய்ச் சோற்றுக்குள் முடிந்துவிட்டது. டவுன் பஸ் கூட்டம், குழாயில் தண்ணீர் வராதது, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் போன். அதற்குமேல் சரக்கு இல்லை. டிவியைப் போட்டுக்கொண்டார்கள். புதுக் கம்பெனியில் அவளும் இதே மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தாள். இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தன.

அவள் போன சில மாதங்களில்தான் அது நடந்தது. பெயிண்ட் தயிராவதற்கு அவர் மருந்து கண்டுபிடித்துவிட்டார். எதை முதலில் ஊற்றுவது, எவ்வளவு ஆறவிட்டு அடுத்ததை ஊற்றுவது என்கிற சின்ன விஷயம். வருஷக்கணக்காக இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டது, ஒரு டிரம் ஆறுவதற்குக் காத்திருந்த சாயங்காலத்தில் தானாகப் பிடிபட்டது. டப்பாக்களைக் கிடங்கில் போட்டுவைத்துத் திறந்து பார்த்தார். கரண்டியிலிருந்து பெயிண்ட் ஒரே சீராக வழிந்தது. மேலாளரிடம் காட்டினார். "குட்" என்று சொல்லிவிட்டு அவர் செல்போனைப் பார்க்கப் போய்விட்டார். அதன் அருமை தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இருந்தாள், அவளிடம் சொல்ல முடியாது. அன்றைக்கு அவருக்குச் சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

கொஞ்ச நாளில் அவள் தலைமுடியில் அம்மோனியா நெடி அடிக்க ஆரம்பித்தது. அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பெயிண்ட் கெட்டியாகவில்லை என்று அவள் கம்பெனியில் அம்மோனியாவை அள்ளி ஊற்றுகிறார்கள். கிடங்குக்குப் போனதும் அது தயிராகிவிடும். இவரும் அதே குட்டையில் கிடந்தவர்தானே. அவர்களுடைய டப்பாக்கள் கடைகளிலிருந்து திரும்பி வருவதாகப் பேச்சும் அடிபட்டது. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதைச் சரிசெய்யாவிட்டால் நிரந்தரமாகாது. அவள் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். முடியை என்ன செய்ய முடியும்?

ஒரே ஒரு வாக்கியம் போதும். தினமும் தொண்டைவரை வந்தது, தினமும் மென்று முழுங்கினார். கையெழுத்துப் போட்ட பயம் பாதிதான். அவள் டப்பா திடீரென்று நன்றாகிவிட்டால், அது எங்கிருந்து வந்ததென்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். அவள் மூளையில் உதித்ததென்று ஒருத்தனும் நம்பமாட்டான். புருஷன் கொடுத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பிறகு அவள் எங்கே போனாலும் அந்த வரி கூடவே போகும். அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துக்கொண்டே பேசாமல் சாப்பிடுவது, டிரம் உருட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இந்த நிலைமையில் மேலாளர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷன் டீ வாங்கிக் கொடுத்தாலே ஏதோ வில்லங்கம்தான். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று சுற்றி வளைத்து, அங்கே சரக்கு திரும்பி வருகிறதாமே, என்னதான் ஊற்றுகிறார்களாம், வீட்டம்மா ஏதாவது சொன்னார்களா என்று வந்து நின்றார். வீட்டில் பேசாதே என்று சொன்ன அதே வாய்.

இவருக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

"வீட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல சார்" என்றார்.

மேலாளர் முகம் மாறிவிட்டது. தோளைத் தட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்றார். சாயங்காலத்துக்குள் சேதி பேக்கிங் பிரிவுவரை போய்விட்டது. எல்லோரையும் மச்சான் என்று கூப்பிடும் பேக்கிங்காரர் தேடி வந்து, பொறுத்துப் போ மச்சான், பொம்பளைப் பிள்ளை இருக்கிறது என்று கண்கலங்கினார். அவருடைய மனைவி இவருடைய மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். பிறகு கேட்க வேண்டுமா? மறுநாள் மாமியார் தன் மகளுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டார்.

அன்று அவள் டிவியைப் போடவில்லை. கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாம பேசிக்கிறதே இல்லன்னு சொன்னீங்களாமே?"

அவர் மேலாளர் வாங்கிக் கொடுத்த டீயைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள். பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. தன்னுடைய முதலாளியும் போன வாரம் இதையேதான் கேட்டார் என்றாள். அவள் சொன்ன பதிலும் இதுவேதானாம்.

"பொய்தானேன்னு நெனச்சுச் சொன்னேன்" என்றார் அவர்.

"நானும்தான்."

அதற்குப் பிறகு இருவரும் சிரிக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டீங்கல்ல?" என்று அவள் கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார்.

"பதில் சொல்ல வேணாம். ரொம்ப நாள் முன்னாடி ஒரு வாரம் நல்லா குறட்டை விட்டுத் தூங்குனீங்க. அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷமா நீங்க அப்படித் தூங்கி நான் பாத்ததில்ல. அப்பவே தெரியும்."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"எப்படின்னு சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமே இருக்காது. நல்லா இருந்துச்சா, அத மட்டும் சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு" என்றார். "உன்கிட்ட சொல்ல முடியலயேன்னுதான்..."

அவள் தலையாட்டினாள். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தாள். முடியிலிருந்து அம்மோனியா நெடி அடித்தது.

"எனக்கும் ஒரு நாள் வரும். அன்னிக்கு நானும் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்கோங்க."

அன்றிலிருந்து தினமும் அவள் கை கழுவிவிட்டு வந்து உட்காரும்போது அவர் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார். அவள் சொன்ன அந்த நாள் இன்னும் வரவில்லை.